லெட்டியின் குறுக்கு வரிகள்

காலை நேரத்தில் இந்த அறையில்தான் வெளிச்சம் நன்றாக விழும், திரு. கோர்பெட். கடிதம் வாசிக்க இந்த வீட்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்காரி கெஸியா ரொட்டி கொண்டுவருவாள். வேண்டாமென்று சொன்னாலும் வைத்துவிட்டுத்தான் போவாள்.

நீங்கள் மேஜையில் வைத்த கட்டைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆஷ்கம்ப் விடுதியிலிருந்து உங்கள் அம்மாவின் பெட்டியில் வந்தது, அப்பா காலமான பிறகுதான் உங்கள் கைக்குக் கிடைத்தது என்று சொன்னீர்கள். எட்டு வருஷம் என் அண்ணன் உங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள். சொன்னது அவர், எழுதியது நான். கண் போன பிறகு அம்ப்ரோஸ் ஹெலியரின் நாவல்களும் சரி, கடிதங்களும் சரி, என் கையெழுத்தில்தான் வெளியே போயின. விமர்சகர்கள் அவருடைய பெண் பாத்திரங்களைப் புகழும்போது, அந்தப் பெண்களுக்கு முற்றுப்புள்ளியும் கமாவும் வைத்தவள் நான் என்று ஒருவரும் எழுதியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஒரு கடிதத்தில் மட்டும் ஐந்து வரிகள் குறுக்கே ஓடுகின்றனவே, அவை யாருடையவை என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நீங்கள் இளைஞர், குறுக்கெழுத்துக் கடிதம் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் சின்ன வயதில் எத்தனை தாளோ அத்தனை மடங்கு தபால் கூலி, அதையும் கடிதம் பெறுகிறவர்தான் கொடுக்க வேண்டும். அதனால் ஒரே தாளில் எழுதி முடித்துவிட்டு, தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக இன்னொரு பக்கம் எழுதுவோம். பார்க்கக் கட்டம் போட்ட துணி மாதிரி இருக்கும். பழகிய கண்ணுக்குத்தான் வரி பிரியும். உங்கள் அம்மா பதினெட்டு வயதில் பக்கத்துப் பண்ணைவீட்டிலிருந்து கல்யாணமாகிப் போனபோது அப்படித்தான் என் அண்ணனுக்கு எழுத ஆரம்பித்தார். பிறகு தபால் மலிவாயிற்று, எல்லோரும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். உங்கள் அம்மா விடவில்லை. நேர் வரியில் ஊர்க்கதை, குறுக்கு வரியில் மனசு. அதுதான் அவருடைய வழக்கம்.

தப்பாக நினைக்காதீர்கள். அவர்களுக்குள் தவறாக ஒன்றும் இருந்ததில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெறும் நட்பு, அவ்வளவுதான். காலைச் சாப்பாட்டு மேஜையில் பத்துக் கடிதம் இருந்தாலும் உங்கள் அம்மா லெட்டியின் கடிதத்தைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். அண்ணனுக்குப் பார்வை மங்கியதும் பிரித்து வாசிக்கும் வேலை என்னிடம் வந்தது. இன்னொரு பெண்ணின் வேடிக்கைப் பேச்சை நான் உரக்க வாசிக்க, அவர் மேஜையைத் தட்டிச் சிரிப்பார். என்னுடைய பேச்சுக்கு அவர் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்தாம் வருஷம் இலையுதிர்காலத்தில், லெட்டிக்கு நெஞ்சுநோய், மேற்கே ஆஷ்கம்ப் என்ற இடத்தில் ஓய்வுக்கு வைத்திருக்கிறோம் என்று உங்கள் அப்பா எங்களுக்கு எழுதினார். யாரும் போய்ப் பார்க்கக் கூடாது, கடிதம் எழுதலாம் என்றும் சொல்லியிருந்தார். பெயர்பெற்ற எழுத்தாளர் தன் மனைவிக்குக் கடிதம் எழுதுவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். உங்களுக்கு அப்போது ஆறு வயது.

அங்கிருந்து வந்த முதல் கடிதம். அண்ணன் முட்டையின் தலையைக் கையால் தடவித் தடவித் தட்டிக்கொண்டிருந்தார். நான் நேர் வரிகளை வாசித்தேன். தோட்டத்தில் பேரிக்காய் கொட்டுகிறது, நாலு நாளாக மழை, சாயங்காலம் ஒரு பெரியவர் புல்லாங்குழல் வாசிக்கிறார், டாக்டர் அன்பானவர். பிறகு தாளைத் திருப்பினேன்.

"அம்ப்ரோஸ், இதுவரை எழுதியது டாக்டர் படிப்பதற்கு. இனி எழுதுவது உனக்கு. எங்கள் கடிதம் எல்லாம் அவர் பார்த்துத்தான் போகும். ஆனால் குறுக்கு வரி வாசிக்க அவருக்குப் பொறுமை இல்லை. இது பைத்தியக்கார விடுதி. கைக்குழந்தை இறந்துபோன பிறகு நான் தொட்டில் இருந்த அறையிலேயே படுத்தேன், விருந்தாளிகள் வந்தால் கீழே இறங்கவில்லை, கணவரோடு பேசவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். எனக்குப் பைத்தியம் என்று இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இந்த மாதிரி விடுதிகளைச் சோதிக்க லண்டனில் அதிகாரிகள் உண்டு. உன்னைப் போலப் பெயருள்ளவன் ஒரு வரி எழுதினால் வந்து என்னை விசாரிப்பார்கள். ஒரே ஒரு வரி. எட்வினை முடிந்தால் போய்ப் பார். அவனுக்கு இருமல்."

இதை மனத்துக்குள் வாசித்தேன்.

"என்ன டார்கஸ், முடிஞ்சுதா?" என்றார் அண்ணன்.

"முடிஞ்சுதுண்ணா."

"குறுக்க ஒண்ணும் எழுதலையா? அந்தக் கிறுக்கச்சி குறுக்க எழுதாம விடமாட்டாளே."

"இல்லண்ணா. இந்தக் காலத்துல யாரு அப்படி எழுதுறா?"

"அடேயப்பா, லெட்டிகூடத் திருந்திட்டாளா," என்று சொல்லிவிட்டு முட்டையில் உப்புப் போட்டுக்கொண்டார்.

திரு. கோர்பெட், என் அண்ணனிடம் நான் வாயால் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். மற்றபடி அவருக்கு நான் வாசித்ததெல்லாம் உங்கள் அம்மா எழுதியதுதான், ஒரு எழுத்துகூடக் கூட்டியதில்லை. நீங்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஏன் என்று கேட்பீர்கள். அப்போது அண்ணனின் பெரிய நாவல் மாதப் பகுதியாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று தேதி பதினாறு, பாதிகூட ஆகவில்லை. நான் அந்தக் குறுக்கு வரிகளை வாசித்திருந்தால் அவர் முட்டையை அப்படியே வைத்துவிட்டு லண்டன் வண்டிக்கு ஆள் அனுப்பியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண் தெரியாத மனிதர், ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, குளிரில் நின்று, உங்கள் அம்மாவை வெளியே கொண்டுவந்திருப்பார். பிறகு அவரை எங்கே வைப்பது? இந்த வீட்டில்தான். இந்த மேஜையில்தான். அதனால் நாலு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். நாலு நாள் என்பது யாருக்கும் பெரிய காலமில்லை.

அன்றைக்கே பதில் எழுதச் சொன்னார். "ஏ லெட்டி, பேரிக்காயாத் தின்னு தின்னு நீயும் பேரிக்காய் மாதிரி ஆயிட்டியா? அந்தப் புல்லாங்குழல் தாத்தாகிட்ட ஜாக்கிரதை. உனக்கென்ன, மகராசி, ஓய்வு. இங்க நான் மாசாமாசம் பிள்ளை பெத்துக்கிட்டிருக்கேன்." அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். அந்தக் கட்டில் முதலாவதாக இருக்கும்.

இருபதாம் தேதி போயிற்று. அடுத்த இருபது வந்தது. உங்கள் அம்மாவின் கடிதமும் மாதம் இரண்டு வந்துகொண்டிருந்தது. குறுக்கே என்னவெல்லாம் எழுதினார் என்று தெரிந்துகொள்ள விரும்புவீர்கள். பெரும்பாலும் உங்களைப் பற்றித்தான். எட்வின் இருட்டுக்குப் பயப்படுவான், யாராவது விளக்கு வைக்கிறார்களா. எட்வினுக்கு ஏழு முடிகிறது, நான் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரியுமா. இரவில் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள், அழுதால் ஐஸ் தண்ணீரில் உட்கார வைக்கிறார்கள், அதனால் அழுவதை விட்டுவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறார். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பேன். வாசிக்காமல் பெட்டியில் போட்டுவிட்டேன் என்று மட்டும் நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஒரு நாள் கெஸியா ரொட்டி வைக்க வந்தவள் பட்டென்று கேட்டாள்: "ஏன் மிஸ், கோர்பெட் அம்மா கடுதாசின்னா முன்னெல்லாம் டீ ஆறி அவலாப் போற வரைக்கும் வாசிப்பீங்க. இப்ப நான் வெண்ணெய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோகுதே?"

நான் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். அண்ணன்தான் சிரித்தார். "லெட்டிக்கு வயசாயிடுச்சு கெஸியா. எங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் வரை ஒரு வரியும் சொல்லி எழுத வைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. என்ன செய்ய முடியும்?

நாவல் மறு வருஷம் செப்டம்பரில் முடிந்தது. அன்று சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, உனக்கு எப்போது தெரியும் என்பதுதான். போன வாரம் தெரியும் என்று சொல்லலாம். கடிதங்களில் தேதி இருக்கிறது. கெஸியாவுக்கு வாயிருக்கிறது. பதினோரு மாதம் என் கண் முன்னால் லெட்டி கெஞ்சிக்கொண்டிருந்தாள் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவருக்குக் கண்ணாக இருப்பவள் நான். கண்ணே பொய் சொல்லிவிட்டது என்று தெரிந்தால் அவர் வேறு யாரை நம்பித் தெருவைக் கடப்பார்? அவருடைய நன்மைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு என் கையில் எதுவும் இருக்கவில்லை. வண்டி தானாக ஓடியது, நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வசந்தத்தில் உங்கள் அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அண்ணனின் பதில்கள் வேடிக்கையாகவே வருவதற்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். டாக்டர் படிப்பார் என்று பயந்து அம்ப்ரோஸ் மறைத்து எழுதுகிறான், வெளியே வேலை நடக்கிறது என்று. குறுக்கே இப்படி எழுதினார்: "உனக்குப் புரிந்தது என்றால், அதிகாரிகள் வருகிறார்கள் என்றால், அடுத்த கடிதத்தில் பிப்பினைப் பற்றி எழுது. வேறொன்றும் வேண்டாம். நான் தயாராக இருப்பேன்." பிப்பின் எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் இருந்த நாய்.

இதையும் நான் வாசிக்கவில்லை. நேர் வரியில் காட்டுப்பூ பூத்திருப்பதைப் பற்றித்தான் இருந்தது.

அண்ணன் பதில் சொல்ல ஆரம்பித்தார். மழை, பதிப்பாளர், பல்வலி. பிறகு தானாகவே, என்ன நினைவில் சொன்னாரோ, "நேத்து கனவுல பிப்பின் வந்துச்சு லெட்டி. உன் தொப்பியக் கவ்விக்கிட்டு ஓடுது, நீ பின்னாடியே ஓடுற," என்றார்.

என் பேனா நின்றது. "எழுதிட்டியா?" என்றார்.

எழுதினேன். விட்டுவிட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் என் அண்ணன் சொன்ன எதையும் நான் விட்டதில்லை, திரு. கோர்பெட். எழுத்தாளரின் வாக்கியத்தில் கைவைக்க எனக்கு என்ன உரிமை? நானே ஒன்றை மாற்றி எழுதினால் அதுவல்லவா ஏமாற்று?

அதன் பிறகு வந்த கடிதங்களை வாசிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாராம். திங்கட்கிழமைகளில்தான் வெளியாட்கள் வருவார்களாம், அதனால் திங்கட்கிழமை தோறும் தொப்பியை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாராம். நன்றாகச் சாப்பிடுகிறாராம், பார்க்கத் தெளிவாக இருக்க வேண்டுமே என்று. எட்வினுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று என் அண்ணனிடம் யோசனை கேட்டிருந்தார். பதினான்கு திங்கட்கிழமை அப்படி இருந்தார்.

பதினைந்தாவது வாரம் வந்த கடிதத்தில் குறுக்கே என் பெயர் இருந்தது.

"அம்ப்ரோஸ், இதை உனக்கு டார்கஸ் வாசித்துக் காட்டுகிறாளா? டார்கஸ், நீதானே இதைப் பார்க்கிறாய்? நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்? சொல்லு, திருத்திக்கொள்கிறேன். அவனிடம் இதை வாசி. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்."

உங்கள் அம்மா கெட்டிக்காரி. அந்த விடுதியில் இருந்த ஒருவருக்கும், இந்த வீட்டில் இருந்த ஒருவருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அடுத்து அவர் வேறு யார் மூலமாவது கேட்டுவிடலாம். ஏதாவது ஒரு தாதி இரக்கப்பட்டு இந்த வாசலுக்கே வந்துவிடலாம். பிறகு என் அண்ணனுக்கு யார் இருக்கிறார்கள்?

அன்று அண்ணன் சொன்ன பதிலை அப்படியே எழுதினேன். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனதும் தாளைத் திருப்பி, குறுக்கே ஐந்து வரி எழுதினேன். நீங்கள் கேட்ட வரிகள் அவைதான்.

"லெட்டி, நீ எழுதியது எல்லாவற்றையும் டார்கஸ் எனக்கு வாசித்தாள். ஒன்றையும் விடவில்லை. டாக்டர்கள் சொல்வதுதான் சரி. எட்வினுக்கும் அதுதான் நல்லது. இதைப் பற்றி இனி எழுதாதே. அம்ப்ரோஸ்."

மை உலர்ந்ததும் மடித்து உறையில் போட்டு, நானே தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சி இருந்தது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு உங்கள் அம்மா குறுக்கே எழுதவே இல்லை. தாளில் பாதிதான் இருக்கும். பேரிக்காய், மழை, நலம். நான் இப்போது கடிதம் முழுவதையும் வாசித்தேன். ஒளிக்க எதுவும் இல்லாமல் வாசிப்பது எவ்வளவு நிம்மதி என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அண்ணனுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "லெட்டி எழுத்துல உப்பே இல்லையே டார்கஸ்," என்பார். "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா? நான் அவளுக்கு எழுதுன பழைய கடுதாசி நகல் இருந்தா வாசிச்சுக் காட்டேன்." வாசித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். தன் வேடிக்கையில் எந்த வார்த்தை அவளைக் குத்தியது என்று தேடினார். கடிதத்துக்குக் கடிதம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று தெரியாமலே கேட்டார். அந்தக் கட்டின் பிற்பகுதி முழுவதும் அதுதான் இருக்கும். அவற்றை உங்கள் அம்மா எப்படிப் படித்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. கைவிட்டவன் கேட்கும் மன்னிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அது சுலபமாக இல்லை.

அறுபத்துமூன்றாம் வருஷம் அண்ணன் நெஞ்சுச்சளியில் போய்விட்டார். கடைசி இரண்டு நாள் என்னை லெட்டி என்றுதான் கூப்பிட்டார். நானும் அந்தப் பெயருக்கே பதில் குரல் கொடுத்தேன்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அண்ணன் போன பிறகு நாவல் இல்லை, இருபதாம் தேதி இல்லை, காப்பாற்ற வேண்டிய ஆளும் இல்லை. உங்கள் அம்மா அதற்கு மேல் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். லண்டன் அதிகாரிகளுக்கு நானே ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆமாம், எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒரு நாள்கூட அவர் பைத்தியம் என்று நான் நம்பியதில்லை.

இதோ இந்தப் பெட்டியில் உங்கள் அம்மாவின் கடிதங்கள் எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன. நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் இருக்கும். தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள். வக்கீலிடம் கொடுப்பதானாலும் சரி. குறுக்கு வரிகளை வாசிக்கக் கண் பழக வேண்டும், காலை வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு எழுதியது. துக்கத்துக்கு உரிய கறுப்புக் கரை போட்ட தாள்கூட அவருக்கு அங்கே கிடைக்கவில்லை, ஓரத்தில் தானே மை தீட்டியிருந்தார். அவனுக்குக் கண்ணாக இருந்தாயே டார்கஸ், உன்னைத் தப்பாக நினைத்தேன், மன்னித்துக்கொள் என்று இருந்தது. வெளியே எனக்கு இனி யாரும் இல்லை, வியாழக்கிழமைகளில் பெண்கள் வந்து பார்க்க இப்போது விடுகிறார்கள், ஒரு தடவை வா, சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம் என்றும் கேட்டிருந்தார். நான் போகவில்லை. பதிலும் போடவில்லை. போட்டால் அவர் திரும்ப எழுதுவார், பேச்சு எங்கெங்கோ போகும். அந்தக் கடிதம் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அதைத் தர மாட்டேன், திரு. கோர்பெட். கோர்ட்டில் கேட்டாலும் தர மாட்டேன். மற்றதெல்லாம் அண்ணனுக்கு வந்தது. அது மிஸ் டார்கஸ் ஹெலியர் என்று உறையில் பெயர் எழுதி, எனக்கே வந்தது. அன்பாக ஒருவர் எனக்கென்று எழுதிய கடிதம் என் ஆயுளில் அது ஒன்றுதான்.